‘ஒரு கொறையுமில்ல சாமி’: ஒரு கேள்வியை வாசித்தல்

கவிதை, கதை, தன்வரலாறு எல்லாவற்றையும் பிரதி என்று சொல்லி வாசிக்கப் பழகிக்கொண்டோம். வரிகளுக்கிடையே சாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தோண்டியும் எடுக்கிறோம். ஆனால் அரசாங்கம் அச்சடித்து வீடு வீடாக எடுத்துவரும் கேள்வித்தாளை யாரும் அப்படி வாசிப்பதில்லை. அது புள்ளிவிவரக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று விட்டுவிடுகிறோம். நம்மைப் பற்றி எழுதப்பட்டதிலேயே அதிகம் பேர் கேள்வி கேட்காமல் நம்புகிற பிரதி அதுதான். பட்ஜெட் போடுகிறவனும் நம்புகிறான், ரேஷனை வெட்டுகிறவனும் நம்புகிறான், பத்திரிகைக்காரனும் நம்புகிறான்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரே ஒரு கேள்வி. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 1983-இல் தனது 38-ஆவது சுற்றில் கேட்டது: வீட்டில் எல்லோருக்கும் நாளைக்கு இரண்டு வேளை வயிறாரச் சாப்பாடு கிடைக்கிறதா? வருஷம் முழுக்கவா, சில மாதங்களிலா, எந்த மாதத்திலும் இல்லையா? பின்னால் வந்த சுற்றுகளில் வாசகம் மாறி, தினமும் போதுமான சாப்பாடு கிடைக்கிறதா என்றானது. எத்தனை கிலோ அரிசி வாங்கினாய், எத்தனை ரூபாய் செலவு செய்தாய் என்று கேட்க அதே தாளில் வேறு கட்டங்கள் உண்டு. இந்தக் கேள்வி வேறு வகை. இது மனசைக் கேட்கிறது. உன் நிலைமை உனக்குப் போதுமானதாகத் தெரிகிறதா என்று கேட்கிறது.

கிராமக் குடும்பங்களில் நூற்றுக்கு 81 பேர் 1983-இல் வருஷம் பூராவும் கிடைக்கிறது என்றார்கள். 1993-94-இல் 94 பேர். 2004-05-இல் 97 பேர். பசி ஒழிந்துவிட்டது என்று மேடையில் பேச இதைவிட நல்ல கணக்கு வேண்டுமா?

இதே நிறுவனம், இதே சுற்றுகளில், கிராமத்து ஆள் ஒருவர் நாளைக்குச் சாப்பிடும் கலோரியையும் கணக்குப் போட்டது. 1993-94-இல் 2153. 2004-05-இல் 2047. கிராமத்துக்கு வறுமைக்கோடு வரைந்தபோது திட்டக்குழு வைத்துக்கொண்ட அளவு 2400. 2005-06-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 48 பேர் வயசுக்கேற்ற உயரமில்லை. பெண்களில் 55 பேருக்கு ரத்தசோகை. சாப்பாடு குறைஞ்சிக்கிட்டே வருது, போதும்னு சொல்றவங்க கூடிக்கிட்டே வர்றாங்க. ஆங்கஸ் டீட்டனும் ஜான் திரேஸும் 2009-இல் இந்தப் புதிரைப் பற்றி நீளமாக எழுதினார்கள். உடம்பு முறிய உழைக்கும் வேலை குறைந்திருக்கலாம், குடிதண்ணீர் மேம்பட்டு நோய் குறைந்திருக்கலாம், அதனால் குறைந்த கலோரியே போதுமாகியிருக்கலாம் என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று. அதில் உண்மை இருக்கும். ஏற்றம் இறைத்த காலத்துக் கும்பியும் மோட்டார் போட்ட காலத்துக் கும்பியும் ஒன்றல்ல. ஆனால் நான் பார்க்க விரும்புவது கலோரியை அல்ல. ‘போதும்’ என்ற அந்தச் சொல்லை.

தமிழில் போதும் என்பது அளவைச் சொல்லும் சொல் மட்டும் இல்லை. பந்தியில் இலைமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு ‘போதும் போதும்’ என்கிறவனைப் பார்த்துப் பசியில்லாதவன் என்று யாரும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். அது மரியாதை. ஊர்த்தெரு வாசலில் நிற்கிற நம் சனங்களின் போதும் இன்னொரு வகை. பரிமாறுவதற்கு முன்னாடியே சொல்லிவிட வேண்டிய போதும்.

என்பதுகளின் தொடக்கத்தில், தென்னாற்காட்டில் எங்கள் காலனிக்கு ஏதோ ஒரு சர்வே எடுக்க ஒருத்தர் வந்தார். எனக்கு எட்டு ஒன்பது வயசு. தலையாரி கூடவே வந்தான். தெருமுனைப் புங்கமரத்தடியில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்கள். அந்த பெஞ்சைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை. வீட்டுக்கு ஒருத்தராகக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டார். எங்கள் வீட்டில் அம்மா கழனிக்குப் போயிருந்ததால் ஆயா போனாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ஏம்மா, வருஷம் பூரா ரெண்டு வேளை சாப்பாடு கெடைக்குதா?”

“கெடைக்குது சாமி. ஒரு கொறையுமில்ல.”

அது ஆடி மாசம். காலையில் நாங்கள் குடித்தது முந்தின நாள் கூழில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கரைத்தது. மத்தியானத்துக்கு ஒன்றுமில்லை. ராத்திரிக்கு அம்மா கொண்டுவந்தால் உண்டு. எனக்கு ஒரே ஆச்சரியம். ஆயா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சாயங்காலம் அம்மா வந்ததும் சொல்லிவிட்டேன். அம்மா கேட்டாள், “ஏன் அத்த அப்பிடிச் சொன்ன? இல்லன்னுதான் சொல்லேன்.”

ஆயா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். “இல்லன்னா மூட்டையா கொண்டாந்து கொட்டிடப் போறானா? பக்கத்துலயே தலையாரி நிக்கிறான். பொழுது சாயறதுக்குள்ள போயி ஓதிடுவான். ‘ஏன்டி, என் கழனியில வேல செஞ்சிட்டு சோறில்லன்னா சொன்ன’ன்னு நாளைக்கு அந்தாளு கேட்டா நீ பதில் சொல்லுவியா? நடவுக்குக் கூப்புடுவானா? இல்ல, நம்ம புள்ளைய பொண்ணு கேட்டு வர்றவங்க காதுல வுழுந்தா? இல்லன்னு எழுதறதால வர்றது ஒண்ணுமில்ல. போறதுதான் இருக்கு.”

அந்தத் தாளில் எங்கள் வீடு ‘வருஷம் முழுக்கவும்’ என்ற கட்டத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். பதில் வாங்கியவர் மோசடி செய்யவில்லை. ஆயாவும் ஏமாறவில்லை. அவள் சொன்னது தன் வயிற்றைப் பற்றிய தகவல் அல்ல. பெஞ்சு, புங்கமரம், தலையாரி, கழனிக்காரன், நாளைய நடவு, கல்யாணத்துக்கு நிற்கிற என் அத்தை, எல்லாவற்றையும் ஒரு நொடியில் கூட்டிக் கழித்துச் சொன்ன விடை அது. அவ்வளவு துல்லியமான பொருளாதாரக் கணக்கை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

அமர்த்தியா சென் 1985-இல் எழுதிய ஒரு புத்தகத்தில் ஒரு பழைய ஆய்வை எடுத்துக்காட்டுகிறார். 1943 வங்கப் பஞ்சத்துக்கு மறுவருஷம், கல்கத்தா பக்கத்தில் சிங்கூர் என்ற இடத்தில், அகில இந்திய சுகாதார, பொதுநல நிறுவனம் எடுத்தது. மனைவியை இழந்த ஆண்களில் நூற்றுக்கு 48.5 பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 2.5 பேர். ‘சுமார்தான்’ என்று சொன்ன விதவை ஒருத்திகூட இல்லை. பஞ்சத்தில் அடிபட்ட வங்கத்தில் விதவைகள்தான் ஆரோக்கியமாக இருந்தார்களாம்! சென் சொல்கிற காரணம், ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் ஆசையையும் எதிர்பார்ப்பையும் கிடைக்கிற அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறார்கள். ஆகவே திருப்தியை வைத்து வாழ்க்கையை அளக்கக் கூடாது.

இதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். முட்டை தனக்குப் பிடிக்காது என்று எங்கம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் சம்பளம் வாங்கிய பிறகு பார்த்தேன், அவளுக்கு முட்டை பிடிக்கும். ஆனால் அம்மாவையும் ஆயாவையும் ஒரே கூடையில் போட முடியாது. அம்மா சுருக்கிக்கொண்டவள். ஆயா சுருக்கிக்கொள்ளவே இல்லை, மறைத்துக்கொண்டாள். ஆதிக்கத்துக்கு முன்னால் பேசும் பேச்சு ஒன்று, அதன் முதுகுக்குப் பின்னால் பேசும் பேச்சு ஒன்று என்று ஜேம்ஸ் ஸ்காட் 1990-இல் எழுதிய புத்தகம் இதைத்தான் பேசுகிறது. சிங்கூர் விதவைகளில் எத்தனை பேர் அம்மா, எத்தனை பேர் ஆயா என்று யார் சொல்வது? கேட்டவர் போன பிறகு அவர்கள் அடுப்படியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. நம் அறிஞர்களுக்குச் சுருங்கிப்போன மனசு சுலபமாகப் புரிகிறது. கணக்குப் போடுகிற மனசு புரிவதில்லை.

ஏணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹேட்லி காண்ட்ரில் என்ற அமெரிக்கர் 1965-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு ஏணியைக் காட்டினார். கீழே பூஜ்யம், உச்சியில் பத்து. உனக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை மேலே, மிக மோசமானது கீழே, நீ எந்தப் படியில் நிற்கிறாய்? இந்தியாவிலும் கேட்டார்கள். இன்றைக்கும் கேலப் நிறுவனம் கேட்பது அதே ஏணிதான், உலக மகிழ்ச்சி அறிக்கையில் நாடுகளை வரிசைப்படுத்துவதும் அதை வைத்துத்தான். 2024-இல் 143 நாடுகளில் இந்தியா 126-ஆவது. பாபாசாகேப் 1920-இல் ‘மூக்நாயக்’ முதல் இதழிலேயே இந்து சமூகத்தைப் பல அடுக்கு மாளிகை என்று எழுதினார். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு தளம், தளத்துக்குத் தளம் படிக்கட்டே கிடையாது. படிக்கட்டில்லாத வீட்டில் இருப்பவனிடம் ஏணிப்படத்தை நீட்டினால் அவன் எதை உச்சி என்று நினைத்துக்கொள்வான்? தன் தளத்தின் கூரையைத்தான். ஆறாவது படி என்று சொல்கிற குடியானவனும் ஆறாவது படி என்று சொல்கிற சேரிக்காரனும் நிற்பது ஒரே உயரத்திலா?

அம்பேத்கர் இந்த விஷயத்தை அதற்கும் முன்னாலேயே நேராகத் தொட்டிருக்கிறார். 1918-இல், பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் சமூக மறுகட்டமைப்பு நூலுக்கு அவர் எழுதிய மதிப்புரை நம் ஆட்கள் அதிகம் படிக்காத ஒன்று. செல்வத்தின் மேல் ஆசைப்படுவது மனிதனைக் கெடுக்கிறது என்று ரஸ்ஸல் சொல்வதை அவர் அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. வறுமையைப் புகழ்ந்து, இன்பத்தைத் துறக்கச் சொன்ன பழைய அறவோர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள்? உற்பத்தி குறைந்த, துன்பமே பொருளாதாரமாக இருந்த உலகம் அது. கிடைக்காது என்பதால்தான் வேண்டாம் என்றார்கள் என்கிறார். எட்டாத பழத்தைப் புளிப்பென்று சொன்ன நரி ஞாபகம் வரவில்லையா? போதுமென்ற மனத்தைப் பொன்னாக்கிக் காட்டும் பழமொழியைப் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அதைப் பண்ணையாருக்குச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

அம்பேத்கரைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அளவுகோலே தலைகீழாகிறது. அதிருப்தி கூடுவதைக் கெட்ட செய்தி என்று இவர்கள் எழுதுகிறார்கள். நமக்கு அது எத்தனை தடவை நல்ல செய்தியாக இருந்திருக்கிறது! கீழத்தஞ்சையில் விவசாயக் கூலிகள் கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. அந்த அரைப்படி மனசில் முளைப்பதற்குப் பல தலைமுறை ஆயிற்று. கேட்டதற்கு 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதற்கு இருபது வருஷம் முன்னாடி அந்தப் பண்ணைகளில் ஒரு திருப்திக் கணக்கெடுப்பு நடந்திருந்தால் எண் ரொம்ப உயரமாக வந்திருக்கும். அறுபதுகளில் சரிந்திருக்கும். சரிவுக்குப் பெயர் சங்கம்.

இதைச் சொல்லும்போதே நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரியில் படித்தபோது நாங்கள் ஆறு பேர் சேர்ந்து பக்கத்துக் காலனியில் ஒரு சர்வே எடுத்தோம். நாங்களே தயாரித்த கேள்வித்தாள். ஏழாவது கேள்வி: ‘நீங்கள் சுரண்டப்படுவதாக உணர்கிறீர்களா?’ ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்து, “அப்பிடின்னா?” என்றாள். நண்பர் பத்து நிமிஷம் விளக்கினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, இத எழுதறதுக்கு உனக்கு எவ்ளோ குடுக்கறாங்க?” என்றாள். நாங்கள் சிரித்துக்கொண்டே ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டு வந்தோம். அவள் சொல்லவே இல்லை, நாங்கள் குறித்தோம். போதும் என்ற பதிலைப் பொய்ப் பிரக்ஞை என்று தள்ளிவிட்டு நாம் எழுதிக்கொள்கிற ஆம் எந்த வகையில் உயர்ந்தது? அவள் பதிலைத் திருத்துகிற வேலை நமக்கும் இல்லை, நிபுணருக்கும் இல்லை. திருத்த வேண்டியது கேள்வியை, கேட்கிற இடத்தை, கூட நிற்கிற ஆளை.

மனசைக் கேட்டு எழுதுவது விஞ்ஞானம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அரசாங்கமே அப்படி நினைக்கவில்லை. 2010 முதல் ரிசர்வ் வங்கி பெருநகரவாசிகளிடம் வேலை, விலைவாசி, வருமானம் எப்படித் தோன்றுகிறது என்று கேட்டு நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு போடுகிறது. 100 நடுக்கோடு. 2021 மே மாதம் அது 48.5-க்கு விழுந்தபோது எல்லாப் பத்திரிகையிலும் செய்தி. வாங்குகிறவன் மனசுக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் 2022 அக்டோபரில் உலகப் பட்டினிக் குறியீட்டில் 121 நாடுகளில் இந்தியா 107-ஆவது என்று வந்ததும், மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் என்ன சொன்னது? 3000 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வைத்துச் சொல்கிறார்கள் என்றது. அந்தக் கேள்விகளைக் குறியீட்டுக்குப் பயன்படுத்தவே இல்லை என்று வெளியிட்டவர்கள் மறுத்தார்கள், அது தனித் தகராறு. நான் கவனித்தது வேறு. தலையாரி பக்கத்தில் நிற்க, நூற்றுக்கு 97 பேர் போதும் என்று சொன்னால் அது உண்மை. ‘ஒருநாள் முழுக்கச் சாப்பிடாம இருந்தேன்’ என்று ஒருத்தி சொன்னால் அது வெறும் கருத்து.

அமைச்சகத்துக்குக் கோபம் வரவைத்தது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் எட்டுக் கேள்விகள். அவை கொஞ்சம் மேலான பிரதி என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். போதுமா என்று மொத்தமாகக் கேட்பதில்லை. பணமோ வேறு வழியோ இல்லாமல், சாப்பாடு கிடைக்காதோ என்று கவலைப்பட்டாயா? ஒரே வகையைத் தின்றாயா? ஒரு வேளையை விட்டாயா? பசித்தும் சாப்பிடாமல் இருந்தாயா? ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தாயா? ‘வீட்டில்’ என்று கேட்டுக் குடும்பத்தலைவன் வாயால் எல்லோர் வயிற்றையும் நிரப்பாமல், ஆளுக்கு ஆள் கேட்கவும் முடிகிறது. சட்டியை வழித்துக் கடைசியில் சாப்பிடுகிற பொம்பளைக்கு இது பெரிய வித்தியாசம். இந்தக் கேள்விகளின் வேர் சாட்சியத்தில் இருக்கிறது. என்பதுகளின் கடைசியில் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் கேத்தி ராடிமர், நியூயார்க் மாநிலத்து ஏழைப் பெண்களிடம் உட்கார்ந்து, பசி என்றால் உனக்கு என்ன என்று பேசவிட்டுக் கேட்டார். அவர்கள் பேச்சில் நாலு சரடுகள் தெரிந்தன. அளவு, தரம், மனக்கவலை. நாலாவது, சாப்பாடு எந்த வழியில் வந்தது, நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து வாங்கக்கூடிய வழியிலா என்பது.

எட்டுக் கேள்வியில் முதல் மூன்று சரடும் இருக்கின்றன. நாலாவது இல்லை. இந்தியாவில் அந்த நாலாவது சரடுக்குப் பெயர் சாதி.

இந்தியில் 1997-இல் வந்த ஓம்பிரகாஷ் வால்மீகியின் தன்வரலாறு ‘ஜூடன்’. பெயருக்கே எச்சில் என்றுதான் அர்த்தம். முசாபர்நகர் மாவட்டத்து பர்லா கிராமத்தில், சூஹ்ரா சாதிக் குடும்பம். ஊர்க் கல்யாணங்களில் சாப்பிட்டுப் போட்ட இலைகளை வாரிக்கொண்டுவந்து, மிச்சமிருக்கும் பூரித் துண்டுகளைக் கட்டிலில் போட்டு வெயிலில் காயவைப்பார்கள். காக்கா கோழி தின்னாமல் ஒரு ஆள் காவல். மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களில் அதை ஊறவைத்து, உப்பும் மிளகாயும் போட்டோ வெல்லம் போட்டோ வேகவைத்துத் தின்பார்கள். சின்ன வயசில் அது ருசியாக இருந்தது என்றும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். அந்த நேர்மைதான் அந்தப் புத்தகத்தின் பலம். நம் தமிழ்த் தன்வரலாறுகளில் சில இந்த ருசியைத் தொடாமல் தாண்டிப்போய்விடுகின்றன, படிக்கிறவன் என்ன நினைப்பானோ என்று. 

எட்டுக் கேள்வியையும் அந்த மழைக்காலத்தில் அந்த வீட்டில் கேட்டுப் பாருங்கள். வேளை விட்டதா? இல்லை. முழுநாள் பட்டினியா? இல்லை. பூரித் துண்டு தீராதவரைக்கும் சாப்பாடு உண்டு.

ஒரு தியாகி வீட்டுக் கல்யாணத்துக்குப் பல நாள் உழைத்த அவருடைய அம்மா, விருந்தாளிகள் சாப்பிட்டு முடிந்ததும் குழந்தைகளுக்கு இலையில் கொஞ்சம் சாப்பாடு கேட்கிறாள். எச்சில் நிறைந்த கூடையைக் காட்டி, உன் இடம் எதுவென்று மறக்காதே என்று விரட்டுகிறார் வீட்டுக்காரர். அந்தக் கூடையை அங்கேயே கொட்டிவிட்டு, அடிக்க வந்தவரை எதிர்த்து நின்று, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நடக்கிறாள். அதன்பிறகு அந்த வாசலுக்கு அவள் போகவில்லை. எச்சில் எடுத்துவருவதும் நின்றுபோகிறது.

அடுத்த மழைக்காலத்தில் அந்தக் கட்டிலில் காயவைக்கப் பூரித் துண்டு இருந்திருக்காது. அப்போது ஒருவர் கேள்வித்தாளோடு போயிருந்தால், சென்ற வருஷத்தைவிடச் சாப்பாடு குறைந்துவிட்டது, இந்தக் குடும்பத்தின் நிலைமை மோசமாகியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்திருப்பார். கலோரிக் கட்டத்திலும் அதேதான் விழுந்திருக்கும். அவள் வாயைத் திறந்து என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. எங்கள் ஆயா சொன்ன அதே வார்த்தையைச் சொல்லியிருக்கவும் கூடும், ‘சாமி’ மட்டும் இல்லாமல்.